லண்டன் டிக்கெட்டும் புதன்கிழமை ராகுகாலமும்

"கேன்சல் பண்ணிடும்மா. என் பொண்ணு இந்த பிளேன்ல போகல!"

சிராங்கூன் ரோட்டில் நான் ஒரு விமானக் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் இருந்த அறுபதுகளில், ஒரு திங்கட்கிழமை காலை செல்லம்மாக்கா டிக்கெட்டை என் முன்னால் போட்டுவிட்டுச் சொன்னது இது. தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். பக்கத்தில் அவர் மகள் ராஜம், அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு நர்ஸ் டிரெய்னிங் கிடைத்திருந்தது. அடுத்த திங்கள் அங்கே போய் நிற்காவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

"என்னாச்சுக்கா?"

"புதன் பன்னெண்டரைக்குக் கிளம்புதாம். சுத்தமான ராகுகாலம். எப்படி அனுப்புவேன்?"

எனக்கு வந்ததே கோபம்! பைலட்டிடம் போய்ப் பஞ்சாங்கம் பாருங்கள் என்றா சொல்ல முடியும்? அடுத்த பிளேன் அடுத்த வாரம்தான். கப்பல் என்றால் மூன்று வாரத்துக்கு மேல். மேனேஜர் அந்தோணி வேறு உள்ளேயிருந்து, "கேன்சல்னா இப்பவே சொல்லுங்க லா, வெயிட்டிங்ல ஆளு இருக்கு" என்று குரல் கொடுத்தார். ராஜம் என்னையே பார்த்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசிலேயே பெட்டியை வாங்கி, வேனில் பாயா லேபார் ஏர்போர்ட்டுக்கு அனுப்புவோம்.

"அக்கா, புதன் காலையில நல்ல நேரம் பார்த்து பெட்டியை இங்க கொண்டாங்க. நான் எடை போட்டு டேக் கட்டிடறேன். பயணம் கிளம்பியாச்சு. அப்புறம் பிளேன் எப்பப் பறந்தா என்ன?"

"அது சரிதான்" என்றார். ஆனால் டிக்கெட்டைத் தொடவில்லை. "எவ்ளோ தூரம்மா?"

"ஏழாயிரம் மைல் இருக்கும்க்கா. பாங்காக், கல்கத்தா, கராச்சி, பெய்ரூட், ரோம்னு நின்னு நின்னு போகும். ஒரு நாளுக்கு மேல ஆகும்."

நான் பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஊர்ப் பேருக்கும் அவர் முகம் சுருங்கியது.

"எனக்கு ஒண்ணுன்னா, அவ வந்து சேர எவ்ளோ நேரமாகும்?"

அடக் கடவுளே, இதுவா விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"வர்றப்ப இன்னும் சீக்கிரம்க்கா. மேல காத்து அங்கேருந்து இந்தப் பக்கமா அடிக்குது. பிளேனைத் தள்ளிவிட்டுடும்."

"சும்மா சொல்லாத."

டைம்டேபிளைத் திருப்பி ராஜத்திடம் கொடுத்தேன். அவள் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். வரும் பயணத்துக்கு மொத்த மணிநேரம் குறைவாகத்தான் போட்டிருந்தது.

செல்லம்மாக்கா டிக்கெட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப போயிட்டு வரட்டும்."

புதன் காலை, குங்குமம் வைத்த பெட்டி வந்தது. எடை கூடுதல். உள்ளே முழுக்க ஊறுகாய். அந்தோணி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

கவுண்டரில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையை அனுப்ப வந்தவர் முரண்டு பிடித்தால், டைம்டேபிளில் திரும்பி வருகிற பக்கத்தை முதலில் காட்டுங்கள்.