மகளை முருகனிடம் கொடுத்த வெள்ளிக்கிழமை

போன ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில் இருமல் தொடங்கியது. எங்கள் ஊரான பாயான் பாருவில் வீட்டருகே உள்ள கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். சித்திரைக்குள் மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மகள் தர்ஷினிக்கு ஒன்றரை வயது.

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதித்துவிட்டு, புற்றை வளர்க்கும் மரபணு ஒன்று அதில் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். மற்றதை டாக்டர் நேரில் விளக்குவாராம். மரபணு என்றதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அவளுக்கு என் கண், என் சுருட்டை முடி. இதையும் கொடுத்துவிட்டேனா? பால் கொடுத்தது தப்பா? யாரிடமும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அந்த வெள்ளிக்கிழமை மாமியாரோடு அவளை முருகன் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். ஆபத்துள்ள பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்து, உடனே தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். சன்னதி முன் அவளைக் கிடத்தினேன்.

"முருகா, இனி இவ ஒம் புள்ள. என் ரத்தம் இவளுக்கு வேணாம்."

தவிட்டை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொன்னார் குருக்கள். நான் தூக்கவில்லை. மாமியார்தான் வாரி எடுத்தார்.

"பாசார்ல வாங்குன மீனா, திருப்பிக் குடுக்கறதுக்கு?"

வீட்டிலும் அவளை மாமியாரோடு படுக்க வைத்தேன். "ம்மா, ம்மா" என்று கதவைத் தட்டுவாள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவேன். முருகனிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரம் கணவரும் நானும் டாக்டரைப் பார்த்தோம். தமிழ்ப் பெண்தான். மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. முருகன் திறந்தான் என்றே நம்புகிறேன்.

"டாக்டர், என் மகளுக்கும் வருமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது நீங்க பொறக்கும்போது இல்லம்மா. பின்னால நுரையீரல்ல ஒரு செல்லுல மரபணு ஒடஞ்சி, தப்பா ஒட்டிக்கிச்சி. அந்தக் கட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. புள்ளைக்குப் போகாதுலா."

வளரச் சொல்லிக் கட்டியை விடாமல் ஏவுவது அந்த மரபணுதானாம். அதையே குறிவைத்து அடக்கும் மாத்திரை இருக்கிறது, ஆனால் முழுக்கக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். எனக்குப் பாதிதான் கேட்டது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அன்று மாலையே மகளோடும் தவிட்டோடும் கோயிலுக்குப் போய், முருகனிடமிருந்து அவளைத் திரும்ப வாங்கி வந்தேன்.

அந்த மாத்திரையால் இப்போது கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. ஒருநாள் மருந்துக்கு அது பழகிவிடலாம் என்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் நடுங்குகிறேன். ஆனால் பயத்தைத் தனியாகச் சுமப்பதில்லை. இதைப் படிக்கும் தாய்மார்களே, கேட்கவே நாக்கு எழாத ஒன்று உங்களுக்கும் இருந்தால், முதலில் முருகனிடம் சொல்லுங்கள். பிறகு, தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்கும் துணிவையும் அவனே தருவான். எனக்குத் தந்தான்.