வெட்டி எடுத்த ஆறு விநாடி

என் மேசைக்குக் கீழே ஒரு சிவப்பு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியிலிருந்த பூப்படம் உரிந்து தகரம் தெரிகிறது. ஓரம் துருப்பிடித்துப்போனதால் திறக்கும்போது கீச்சென்று சத்தம் போடும். உள்ளே ஒரேயொரு பென் ட்ரைவ். அதைச் சுற்றி ஒட்டிய வெள்ளை நாடாவில் நீலப் பேனையால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் வீடு ஒதுக்கும்போது, “இந்தப் பழஞ்சாமான எறிஞ்சா என்னக்கா?” என்று தங்கச்சி கேட்பாள். காது கேளாதவள் மாதிரி இருந்துவிடுவேன். போன மாதம்வரை அப்படித்தான் இருந்தேன்.

அந்த டின் கல்முனையில் நான் வேலை செய்த அச்சகத்திலிருந்து வந்தது. கலியாணக் கார்டுதான் அங்கே பிழைப்பு. முதலாளி சாப்பாட்டுக்கு கார்டு அடித்தார், ஆசைக்கு ஒரு இசைச் சஞ்சிகை நடத்தினார். அதனால் ஊரில் பாதிப்பேர் அவரை முதலாளி என்றார்கள், மீதிப்பேர் பகிடியாக ஆசிரியர் என்றார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் காக்கா என்று கூப்பிடுவேன், எழுதும்போது ஆசிரியர் என்றே எழுதுகிறேன். “கலியாண வீட்டில சினிமாப் பாட்டுப் பாடுறவனுக்கு நோட்டீஸ் இரிக்கி, மேடை இரிக்கி. சொந்தமாப் பாட்டுக் கட்டுறவனுக்கு என்ன இரிக்கி தங்கச்சி?” என்பார். அந்தக் கேள்விதான் சஞ்சிகையின் கொள்கை. சொந்தப் பாட்டு இல்லாதவருக்கு அதில் இடமில்லை. எங்களில் ஒருவர் நேரில் போய்க் கேட்காமல் ஒருவரைப் பற்றியும் எழுதுவதில்லை. ஒரு இதழுக்கு நாலு பேர்.

அந்த நாலில்தான் சிக்கல். இரண்டு பேர் முஸ்லிம்கள், இரண்டு பேர் தமிழர், ஒரு இதழிலும் அது மாறியதில்லை. வருகிற பாட்டுகளைப் போட்டுவைக்க இரண்டு பிஸ்கட் டின் வைத்திருந்தார். நீலம் அவருடைய ஆட்களுக்கு, சிவப்பு எங்களுடைய ஆட்களுக்கு. வாய்விட்டு அப்படிச் சொல்லமாட்டோம். “நீலத்தில என்ன இரிக்கி?” என்றுதான் கேட்பார். நான் ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன். “காக்கா, பாட்டுக்கு என்ன சாதி சமயம்?” என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. “ஒரே சஹன் தட்டுல ஆறு பேர் இருந்து சாப்பிடக்குள்ள இறைச்சிய ஒருத்தர்ட பக்கம் கூடத் தள்ளிப் பாருங்க. சோறு முடியமுன்னம் சண்ட வரும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் வீதிக்குப் பெயர் வைப்பதென்றாலும், விளையாட்டு மைதானத்துக்கு விளக்குப் போடுவதென்றாலும் யார் பக்கம் எத்தனை என்று எண்ணித்தான் பழக்கம். எண்ணாமல் விட்ட காலங்களில் என்ன நடந்ததென்று எங்கள் இரண்டு பேருடைய வீட்டாருக்கும் தெரியும். பயந்த மனிதன் நீதியாக நடக்கப் பார்த்தால் அப்படித்தான் இரண்டு டின் வைப்பான் என்று நானும் பழகிக்கொண்டேன்.

கடைசி இதழ் என்று தெரிந்தேதான் அந்த இதழைத் தொடங்கினோம். கடதாசி விலை ஏறி, கார்டுகூட ஆட்கள் போனிலேயே அனுப்பத் தொடங்கிவிட்ட நேரம். நீல டின்னிலிருந்து இரண்டு பேர் முடிவாகிவிட்டார்கள்: சாய்ந்தமருதில் கடையொன்றின் மேல்மாடியில் ராப் பாடும் ஒருவர், பொத்துவிலில் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு மத்தியில் தன் பாட்டைத் தமிழிலேயே பாடும் இன்னொருவர். சிவப்பில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை விட்டுவிட்டு வந்து வயலின் வாசித்த ஒருவர் இருந்தார். மற்றவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு இடம் காலி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சிவப்பு டின்னில் வேறொன்றுமில்லை. அந்தக் கிழமைதான் முஸ்லிம் ஊரான ஒலுவிலிலிருந்து இந்தப் பென் ட்ரைவ் தபாலில் வந்தது. ஒலுவில் என்ற முத்திரையைப் பார்த்ததும் ஆசிரியர் கேட்டும் பாராமல் நீல டின்னில் போட்டார். நான் அன்று பின்னேரம் அதை எடுத்துக் கேட்டேன்.

முதலில் ஒரு கதிரை இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், “வாப்பா, கதைக்காதிங்க, பதியுது” என்கிறது. தூரத்திலிருந்து ஒரு ஆணின் குரல், “ஓம் மகள், கதைக்கல்ல” என்கிறது. ஆறு விநாடி. அதன்பிறகு கிற்றார் தொடங்குகிறது. அதற்கு அடியில் ஏதோ இடிந்து விழுகிற சத்தம், திரும்பத் திரும்ப. அது கடல் கரையைத் தின்னும் சத்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் மேல் அவள் பாடினாள். எத்தனையோ பாட்டுக் கேட்ட காது இது, ஆனாலும் அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒலுவிலுக்குப் போனேன். அவர்களுடைய குசினியில் அடுப்பு இருந்தது, சுவரில் பாதி இல்லை. மீதிப் பாதியிலிருந்து கடல் இருபது அடி தள்ளி நின்றது. அவளுக்கு முப்பது வயதிருக்கும், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வாப்பா மீன்பிடிகாரர். வெளியே வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய், நல்ல சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். “மகள்ட பாட்டு எனக்கு விளங்குறல்ல. ஆனா கடல்ட சத்தம் சரியா வந்திரிக்கி” என்றார். ஊரில் யாரோ பாட்டுப் பற்றிக் குறை சொன்னபோது, எண்ட வீட்டுச் சத்தம் எண்ட வீட்டுக்குள்ள என்று வாயை அடைத்தவராம். அதை மகள்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள். பொத்துவிலில் ஒரு இடத்தில் அலைச்சறுக்குப் பருவம் முழுக்கப் பாடக் கேட்டிருக்கிறார்களாம், சஞ்சிகையில் வந்தால் அதைக் காட்டலாம் என்றாள்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தாயைப் பற்றிச் சொன்னாள். “உம்மா கல்முனைதான் அக்கா. உங்கட ஆக்கள், கோயிலுக்குப் போற குடும்பம். வாப்பாவக் கட்டி இஸ்லாத்துக்கு வந்தவ. மவுத்தாகி நாலு வருசம், இஞ்சதான் மையவாடியில அடக்கின.” எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்னைப் போலொருத்தி இந்த வீட்டில் இருந்திருக்கிறாள் என்ற சந்தோசம். தாயின் வீட்டார் அதன்பிறகு வாசற்படி மிதிக்கவில்லை என்றும், ஒலுவிலிலும் சிலர் கடைசிவரை அவரை வந்தவள் என்றே சொன்னார்கள் என்றும் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். “உம்மாவ எழுதுங்க. ஆனா வாப்பாவ விட்டுட்டு எழுதாதிங்க” என்றாள். சரி என்றேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் என்ன சொல்வாரென்று எனக்கு முன்பே தெரியும். “நீலத்தில ரெண்டும் நிறைஞ்சி. இனி எப்பிடிப் போடுற?” அடுத்த இதழ் என்று சொல்ல அடுத்த இதழ் இல்லை. அவளுடைய பாட்டைக் கேட்டவள் நான். அது அச்சில் வராமல் இந்தச் சஞ்சிகை சாகக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். “அவ எங்கட ஆள் காக்கா. தாய் கல்முனை, கோயில் குடும்பம். இப்ப ஒலுவில்ல இருந்து படிப்பிக்கிறா” என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் பாட்டுக்கு வைத்திருந்த புனைபெயரிலும் எந்தச் சமயமென்று தெரியாது. பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், வெளியாட்களும் வந்து குடியிருப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார். பாட்டைப் போடச் சொன்னார். அவருக்குப் போட்டுக்காட்டுவதற்கு முன்பு நான் கணினியில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் முதல் ஆறு விநாடியை வெட்டிவிட்டேன். வாப்பா என்ற சொல் அவருடைய காதில் விழக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரிலிருந்து கேட்டார். முடிந்ததும் பென் ட்ரைவை எடுத்துச் சிவப்பு டின்னில் போட்டார்.

பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வாப்பாவை எழுதினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே “கல்முனைக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் வேர்கொண்ட குரல்” என்று தொடங்கினேன், கடலையும் கிற்றாரையும் எழுதினேன், அவரை எழுதவில்லை. இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. பதினொரு வருடம் கலியாணக் கார்டு அடித்தவள் நான். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பமே வந்து கடையை மறித்து நிற்கும். அதனால் தகப்பன் பெயரை மூன்று தரம் பார்க்காமல் ஒரு கார்டையும் மெஷினுக்கு அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு தகப்பனை முழுசாகவே விட்டேன்.

சஞ்சிகை வந்து பத்து நாளிருக்கும். காலையில் கடை திறந்த கையோடு அவளுடைய வாப்பா வந்தார். அன்று போட்ட அதே நல்ல சேட். சாமான் பையிலிருந்து சஞ்சிகையை எடுத்து, மடிந்திருந்த ஓரத்தை உள்ளங்கையால் நீவி, ஆசிரியருக்கு முன்னால் வைத்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியா மகன்” என்றார். “மகள்ட படம் எண்டு காட்டினாங்க. இதுல நான் எங்க இரிக்கன்? காட்டுங்க.”

ஆசிரியர் சிரித்துக்கொண்டேதான் தேடத் தொடங்கினார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். அடுத்த பக்கத்துக்குத் திருப்பினார், திரும்ப முதற்பக்கத்துக்கு வந்தார். அவருடைய விரல் மெதுவாகிக்கொண்டு போனதை நான் தட்டச்சு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். “நம்மட வீட்டுக்கு வந்த புள்ள” என்று மட்டும் சொன்னார், ஏசவில்லை. பிறகு, “தேத்தண்ணிக் கடையில வாசிச்சுக் காட்டினவங்க. மகள் தாய்ட ஆக்களோட சேந்துட்டாளாம். தாயும் மனசுக்குள்ள அப்பிடித்தான் இருந்தவவாம். அவவ மையவாடியில அடக்கினது சரியோ எண்டுங் கேக்காங்க” என்றார். சஞ்சிகையை அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா?” என்று ஆசிரியர் கேட்டார். ஓம் என்றேன். அவர் கத்துவாரென்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “டின்ன வச்சது நான்தானே” என்றார். அதோடு உள்ளே போய்விட்டார். மத்தியானம் ஒரு திருத்தச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். விற்காத பிரதிகளில் வைக்கலாம், கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். அவளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “வேணாம் அக்கா. அத வச்சி இன்னுங் கதைப்பாங்க” என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பது அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பொத்துவிலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். “எங்கிட்ட இருந்த பாட்டெல்லாம் அழிச்சிட்டன். உங்கட்ட இரிக்கிறதையும் அழிச்சிருங்க.” அழிக்கிறேன் என்றேன். இது நான் அவளுக்குச் சொன்ன இரண்டாவது பொய்.

அச்சகத்தை மூடிய அன்று ஆசிரியர் சிவப்பு டின்னை எனக்குத் தந்தார். நீலத்தைத் தான் எடுத்துக்கொண்டார். “இப்பயும் பங்குதானா காக்கா?” என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தார். இப்போது அவர் மருதமுனையில் மகனுடைய கடையில் இருக்கிறார், எப்போதாவது பேசுவோம். அந்த இதழைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பாட்டைத் தேர்ந்தெடுத்தோமா, ஆட்களை எண்ணினோமா என்ற கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு மரண அறிவித்தல் வந்தது, ஜனாஸா நேரத்தோடு. ஒலுவில். பெயரைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நான் ஒருக்கால் அச்சில் போட்டிருக்க வேண்டிய பெயர் அது. மூன்று நாள் பொறுத்து, பென் ட்ரைவைச் சுற்றியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தேன். எடுத்தாள். குரலில் கோபமில்லை, களைப்பிருந்தது. கடைசி நாட்களைச் சொன்னாள். குசினி முழுதும் கடலுக்குப் போய், ஊருக்குள்ளே தள்ளி ஒரு வீட்டுக்கு மாறிவிட்டார்களாம். “வாப்பாட படம் போன்ல நிறைய இரிக்கி அக்கா. சத்தந்தான் ஒண்டும் இல்ல. போன் பிடிச்சாக் கதைக்க மாட்டாரு” என்றாள்.

நான் அழிக்கவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன், அதற்குரிய சொற்களை எழுதிக்கூட வைத்திருந்தேன். அந்தத் தாளை ஒதுக்கிவைத்தேன். டின்னை மறுபடியும் திறந்தேன், அது வழக்கம்போலக் கீச்சிட்டது. பென் ட்ரைவைக் கணினியில் செருகி, போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கதிரை இழுபட்டது. வாப்பா, கதைக்காதிங்க, பதியுது. ஓம் மகள், கதைக்கல்ல. கிற்றார் தொடங்கியது.

“நிப்பாட்டுங்க” என்றாள். நிறுத்தினேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பாட்டு வேணாம் அக்கா” என்றாள். “முன்னுக்கு உள்ளத மட்டும் இன்னொருக்காப் போடுங்க.”