வெட்டுப்படாத சக்கரம்

எச்சில் தொட்ட கட்டைவிரலால், காற்றடைக்கும் துளையின் ஓரத்துத் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் சென்னிமலை. தேய்க்கத் தேய்க்க, இரும்பில் குத்திய எண்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. சக்கரம் ஒரு டயர் வண்டியுடையது. வண்டியில் வைக்கோல் இருக்கிறது, முன்னால் மாடு இருக்கிறது, வண்டிக்காரர் கையில் சாட்டையும் இருக்கிறது. "அறுபத்திரண்டு மாடலுங்க," என்கிறார் சென்னிமலை, வண்டிக்காரரிடம் அல்ல, சக்கரத்திடம்.

பாலக்காட்டை அடுத்த நல்லேப்பிள்ளியில் அவருக்கு இதுதான் தொழில். பழைய கார்களைப் புதுக்குகிறவர்கள் எஞ்சின் முதல் இருக்கைத் துணி வரை எல்லாம் சேர்த்தபின் கடைசியில் அவரிடம் வருவார்கள். கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது அந்த வண்டியில் எந்த இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தது, அதற்கு ஜோடி இப்போது எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். பியட் சக்கரம் வைக்கோல் சுமந்துகொண்டிருக்கும். அம்பாசடருடையது மலைமேல் வட்டவடையில் பூண்டுக் கொட்டகையின் தகரம் பறந்துவிடாமல் கூரைமேல் படுத்திருக்கும். இவ்வளவு தெரிந்தவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வரும் வண்டிகளின் கீழ்ப்பாதியை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்.

"கண்ணால ஊட்டுக்குப் போனா மாப்பிள்ளையப் பாக்கமாட்டாருங்க. மாப்பிள்ளை வந்த காருகிட்டக் குத்தவெச்சு உக்காந்துக்குவாரு," என்பது மனைவி பொன்னாத்தாளின் புகார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பன் வண்டியத்தான் பாத்தாரு."

சென்னிமலை மறுப்பதில்லை. "நல்ல வண்டியுங்க அது," என்பார்.

ஜீப் என்றால் மட்டும் பேச்சு குறைந்துவிடும். இளவயதில் அவர் பெயரெடுத்தது சக்கரங்களைக் கண்டுபிடித்து அல்ல, வெட்டி. மலையில் ஜீப் ஓட்டியவர்களுக்கு அகலச் சக்கரத்தின் மேல் ஆசை பிறந்த காலம் அது. கம்பெனிச் சக்கரத்தை லேத்தில் இரண்டாக அறுத்து, நடுவே பட்டை இரும்பு வைத்துப் பற்றவைப்பார். தழும்பு தெரியாது. அதற்காகவே மலையிறங்கி அவரைத் தேடி வந்தார்கள். அசலுக்கு மவுசு வந்தது, அவர் வெட்டி முடித்த பிறகுதான்.

சென்ற மாதம் ஏலப்பாறையிலிருந்து முருகேஸ்வரி வந்திருந்தார். மலையில் தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை. காலமான தந்தை பெரியமுத்துவின் ஜீப்பை, அவர் வாங்கிய நாளில் இருந்தபடியே நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. டயர் கழற்றிய சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"அய்யா, எங்கப்பா சாகுறவரைக்கும் வேற சக்கரம் மாட்டல. எல்லாம் அசலு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சுல ரெண்டு களவு போயிருச்சு. இதுக்கு ஜோடி பாத்துக் குடுங்க."

பெரியமுத்து என்ற பெயரைக் கேட்டதும் சென்னிமலைக்கு ஆளே நினைவுக்கு வந்துவிட்டார். வெட்ட வேண்டாம் என்று தயங்கி நின்ற மனிதர். 'ஒல்லிச் சக்கரம் கொண்டையூசி வளைவுல காலை வாரிருமுங்க' என்று பயமுறுத்திச் சம்மதிக்க வைத்தது இவர்தான்.

பிளேடால் உட்புறத்துப் பெயிண்டைச் சுரண்டினார். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

"அம்மிணி, இது வெட்டி ஒட்டுனதுங்க. கம்பெனிச் சக்கரம் இத்தனை அகலம் கெடையாது."

முருகேஸ்வரி குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "நல்ல சக்கரத்தப் போயி... எந்தக் கூறுகெட்டவன் வெட்டுனான்?"

"வேலை தெரிஞ்ச கூறுகெட்டவன்தானுங்க," என்றார் சென்னிமலை.

முருகேஸ்வரி சிரிக்கவில்லை. "அப்ப, அசலு கெடைக்குமா?"

அந்தக் காலத்து ஜீப் சக்கரங்களில் சென்னிமலையின் கண்ணில் பட்டவை எல்லாம், முன்பே அவர் கை பட்டவை. "தேடிப் பாக்கறனுங்க," என்றார், தரையைப் பார்த்து.

"இத என்ன செய்ய? பழைய இரும்புக்குப் போட்டுரவா?"

சுரண்டிய இடத்தில் இரும்பு பளபளத்தது. சென்னிமலை கிரீஸ் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்து, அந்தக் கோடு துருப்பிடித்துவிடாதபடி, மேலே மெதுவாகத் தடவத் தொடங்கினார்.