தள்ளிப்போன தேதி

லென்ஸின் ஓரத்தை இயந்திரம் தேய்த்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில், கண்ணாடிக் கடையில் 'தேதி' என்று பேர் வாங்கியவர் ஒரு வீடியோ கேமைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை உதட்டருகே வைத்துப் பேசுகிறார்: "நேத்து வந்த சண்டை கேம் பாத்தேன். அதே பாலம், அதே மழை, அதே துப்பாக்கி. பேரு மட்டும் அஞ்சாம் பாகம். அரைச்ச மாவையே அரைக்கிறானுங்க. இதுக்குக் காத்திருந்தவங்க போய் வேற வேலையைப் பாருங்க." இயந்திரம் நிற்கிறது. லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பிரேமுக்குள் கட்டைவிரலால் அழுத்துகிறார். பிசகில்லாமல் உட்கார்கிறது.

அவருக்கு முப்பத்தொன்பது வயது. ஊருக்கெல்லாம் கண்ணாடி பொருத்திக் கொடுப்பவரின் சொந்தக் கண்ணாடி மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கடையின் பின்னறைச் சுவரில் லென்ஸ் கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்று தொங்குகிறது. லென்ஸில் நடுப்புள்ளி வைக்கும் பேனாவாலேயே, எந்த கேம் எந்த நாளில் வெளியாகிறது என்று அதில் குறித்து வைப்பார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு வைத்த பெயர்தான் தேதி. இப்போது வாடிக்கையாளர்கள்கூட, "தேதி சார், என் கண்ணாடி எப்ப கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு தேதியை மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

அபிப்பிராயம் இல்லாத கேம் என்று அவருக்கு ஒன்று கிடையாது. சாமானியத்தில் எதுவும் தேறாது. பிரம்மாண்டமான நகரத்தைக் கட்டி அதில் ஓடவிடும் கேம் ஒன்று வந்தது. உலகமே வாயைப் பிளந்தது. தேதி சொன்னார்: "ஊர் பெருசாத்தான் இருக்கு. முப்பது கதவைத் தட்டிப் பாத்தேன், ஒருத்தனும் திறக்கலை. ஆள் இல்லாத ஊரை அவ்வளவு பெருசா எதுக்குக் கட்டணும்?" இன்னொன்றில் மலைக்காட்சி பிரமாதம் என்று எல்லோரும் எழுதினார்கள். "தூரப் பார்வை போனவன் வரைஞ்ச மலை. மைனஸ் மூணு போட்டாத்தான் சரியாத் தெரியும்" என்று தள்ளிவிட்டார். யாரோ மூன்று பேர் சேர்ந்து செய்த சின்ன கேம் ஒன்றை மட்டும் புகழ்ந்தார். அதில் மீன் பிடிக்க வேண்டும், படகைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். "பத்து பேர்கூட வாங்க மாட்டான். ஆனா அந்தத் தண்ணி இருக்கே, செஞ்சவன் எங்கேயோ ஒரு கரையில ரொம்ப நாள் சும்மா உக்காந்திருக்கான்" என்றார். அந்த மூவரின் அடுத்த கேம் வரப்போவதில்லை, கடையை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் அவர் சொல்வது 'கட்டைவிரல்' என்ற கைப்பேசிக் குழுவில். நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். எத்தனை பேர் காது கொடுக்கிறார்கள் என்று தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் தன் குரலைத் தானே போட்டுக் கேட்பார். சில இடங்களில் தலையாட்டவும் செய்வார்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு கேமின் மேல்: 'கலங்கரை', மூன்றாம் பாகம். இரண்டாம் பாகத்தைக் கல்யாணமான புதிதில் மனைவியோடு சேர்ந்து ஆடினார். அவளுக்காகவே இன்னொரு கண்ட்ரோலர் வாங்கினார். அவள் அதை ரிமோட் என்பாள். சண்டைக்கு வரமாட்டாள், கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பாள். "வாம்மா, இங்க என்னைக் கொல்றான்" என்று இவர் கத்துவார். "இருங்க, இன்னும் ரெண்டு சிப்பி இருக்கு" என்பாள். அந்த வருடம்தான் மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்டது. எட்டு வருடத்தில் நான்கு முறை தள்ளிப்போனது.

தள்ளிப்போவதைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தமே உண்டு. மற்றவர்கள் திட்டுவார்கள், அவர் திட்ட மாட்டார். "தள்ளிப்போறது நல்ல சேதிங்க. அவசரப்பட்டு அரைவேக்காடா வந்து, அப்புறம் வாரா வாரம் ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கறதுக்கு, லேட்டா வந்தாலும் முழுசா வரட்டும்."

அவர் வீட்டிலும் ஒரு காலண்டர் இருந்தது. படுக்கையறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய சின்னக் காலண்டர். அதில் மாதம் ஒருமுறை பென்சிலால் வட்டம் போடுவது மனைவி. எட்டு வருடமாக அந்த வட்டங்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தன. தள்ளிப்போயிருக்கிறது என்ற வார்த்தையை அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக எதிர்பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டிலிருந்து அம்மா ஒரு வாரம் தங்க வந்திருந்தார். மனைவி மருந்துக் கடையில் வேலைக்குப் போயிருந்தாள். தேதி பால்கனியில் துணி காயப்போட்டபடியே குழுவுக்குப் பேசினார்: "நல்ல சேதிங்க. தள்ளிப்போயிருக்கு. நேத்துதான் உறுதியாச்சு. மார்ச்ல வந்துரும். எட்டு வருஷம் பொறுத்தோம், எட்டு மாசம் பொறுக்க மாட்டோமா. நல்லபடியா முழுசா வரட்டும்."

ஹாலில் இருந்த அம்மா மார்ச் வரைக்கும் விரல்விட்டு எண்ணினார். கணக்கு சரியாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். மகள் யார் யாருக்குப் போட்டாளோ.

இரண்டு மணிக்கு மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தோள்பையை அம்மா வாங்கிக்கொண்டார்.

"உக்காரும்மா. நாள் பூரா நின்னுக்கிட்டே பாக்குற வேலையெல்லாம் இனிமே வேண்டாம்."

"என்ன அத்தை திடீர்னு?"

"அவன் வாயாலயே கேட்டுட்டேன். என்கிட்ட சொல்லலை, எவனோ சிநேகிதன்கிட்ட சொல்றான். இருக்கட்டும். மார்ச்சாமே?"

அவள் பால்கனியைப் பார்த்தாள். ஈரத் தலையணை உறையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அது கேம், அத்தை."

"கேமா?"

"அவரு விளையாடுறது. அது வர்ற தேதி தள்ளிப்போயிருக்கு."

அம்மா தோள்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் போன் அடித்தது, அக்கா. அம்மா எடுக்கவில்லை. மருமகளே எடுத்தாள். "இல்லை அண்ணி. அத்தைக்குத் தப்பா காதுல விழுந்துடுச்சு. இல்லை, ஒண்ணும் இல்லை. நான் நல்லாத்தான் இருக்கேன்." வைத்துவிட்டு, அத்தை உட்காரச் சொன்ன இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தேதி அந்த உறையை இன்னொரு முறை பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டார். குழுவில் எந்த கேமைப் பற்றியும், "இப்ப வரலை", "பின்னாடி வருமாம்" என்று சுற்றி வளைத்தார். கல்லாக்காரர், "என்ன தேதி, பேச்செல்லாம் மாறுது?" என்று கேட்டதற்குச் சிரித்து வைத்தார். பாவம், வாயைத்தான் அடக்கினார். காதை அடக்கத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, ஒரு காதில் இயர்போனோடு ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கலங்கரையின் புது டிரெய்லர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "பத்து நாள் தள்ளிப்போயிருக்குங்க."

அவர் திரும்பாமலே சொன்னார்: "மறுபடியுமா? பத்து நாள்தானே, அதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லை. எவன் சொன்னான்?"

 "யாரும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்று முழுக்கக் கடையில் ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவே கைப்பேசியில் தேடினார். எந்தத் தளத்திலும் அப்படி ஒரு செய்தி இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சந்தோஷமாகச் சொன்னார்: "நல்லாத் தேடிப் பாத்துட்டேன்மா. அப்படி ஒண்ணும் இல்லை. மார்ச்தான்."

"சரி" என்றாள்.

நான்கு நாள் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அவளாகத்தான் சொன்னாள். "அன்னைக்கு நான் சொன்னது கேம் இல்லை."

அவருக்கு அப்போதும் ஒரு கணம் ஆனது. பிறகு எழுந்துவிட்டார். "அப்ப... நாளைக்கே டாக்டர்கிட்ட..."

"இன்னைக்கே போயிட்டு வந்துட்டேன். இப்ப ஒண்ணும் இல்லை."

குழாயை மூடினாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை வந்த செய்தி அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் நாலு நாளை அவளுக்கு அவர் கொடுக்கவில்லை, தனக்கும் வைத்துக்கொள்ளவில்லை. இரவில் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். பென்சில் வட்டம் பதினான்கு நாள் தள்ளி விழுந்திருந்தது. அதன் பிறகு அவள் சோபாவில் வந்து உட்காருவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், சேர்ந்துதான் சாப்பிடுகிறாள். டிவி ஓடும் நேரத்தில் மட்டும் அடுத்த அறையில் ஏதாவது வேலை இருக்கிறது.

மார்ச்சில் கலங்கரை, சொன்ன தேதியில், முழுசாக வந்தது. குழுவே கொண்டாடியது. நாற்பத்து இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: தேதி என்ன சொல்கிறார்? கல்லாக்காரரும் கேட்டார். "என்னப்பா, எட்டு வருஷம் காத்திருந்து வாயையே திறக்க மாட்டேங்கிற. நல்லாருக்கா, இல்லையா?"

"இன்னும் பாக்கலை."

"மூணு வாரம் ஆச்சே?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று லென்ஸின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கேமின் தொடக்கத்தில் இரண்டு பேர் படகிலிருந்து இறங்கிக் கலங்கரை விளக்கத்தின் இரும்புக் கதவுக்கு வருகிறார்கள். அந்தக் கதவை இரண்டு பேரும் சேர்ந்து தள்ள வேண்டும். ஒற்றை ஆளாக ஆடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஆளைக் கணினியே பார்த்துக்கொள்ளும். குழுவில் எல்லோரும் அப்படித்தான் முடித்திருந்தார்கள். தேதி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

விடுமுறை நாள் மதியம் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்காருகிறார். மறு ஓரத்தில், அவள் உட்காரும் இடத்தில், இரண்டாவது கண்ட்ரோலரை வைத்திருக்கிறார். திரையில் அவருடைய ஆள் கதவருகே நிற்கிறான். அவளுடைய ஆள் நாலடி தள்ளிக் கரையில் நிற்கிறாள். காலடியில் சிப்பிகள் கிடக்கின்றன. அடுத்த அறையில் அவள் துணிகளை உதறி மடிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் கூப்பிடுவதில்லை. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கண்ட்ரோலரின் விளக்கு மங்கித் தானாக அணைந்துவிடும்; அவளுடைய ஆளும் திரையிலிருந்து மறைந்துவிடும். விளக்கு மங்கத் தொடங்கும்போது தேதி கையை நீட்டி, அதில் ஒரு பொத்தானை மெதுவாக ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார்.