காலியாகத் திரும்பாத டப்பா

சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பது சுலபமான வேலை. காலி டப்பாவைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டு, அந்தக் கிண்ணம் எதை நிரப்பிக்கொண்டு திரும்புமோ என்று பயந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மகளைக் காலையில் சைல்ட்கேரில் விட்டதும் நான் வேலைக்குக் கிளம்புவேன். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் தனியாக வாழும் வயதானவர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு மதியச் சாப்பாடு அனுப்புகிறது. இன்றைய டப்பாவைக் கொடுத்துவிட்டு நேற்றைய டப்பாவை வாங்கி வர வேண்டும். கிராமத்துப் பள்ளியில் சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நின்றவள் நான். இப்போது கரண்டிப் பக்கம் வந்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ரசத்தில் என்ன இல்லை

பத்தாவது மாடி அந்தோணி அங்கிள் டப்பாவைத் திறக்கும் முன்பே குறை சொல்லத் தொடங்குவார். சோறு குழைந்துவிட்டது, மீன் சின்னது, ரசத்தில் கறிவேப்பிலை வாசமே இல்லை. ஆனால் மறுநாள் டப்பா வழித்து நக்கியதுபோலப் பளபளவென்று வரும். உள்ளே ஒன்றும் இருக்காது.

ஒருநாள், "அங்கிள், பிடிக்கலைன்னா ஆபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்லவா?" என்றேன். மனிதர் பதறிவிட்டார். "அதெல்லாம் வேணாம்மா. குறை சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா?"

ஒரு கொத்து

நாலாவது மாடிக்குப் புதிதாக வந்தவர் ரஹ்மத் அம்மா. வீட்டு வாசலில் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. உள்ளே தனி ஆள், சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். முதல்முறை டப்பாவைத் திருப்பி வாங்கியபோது உள்ளே கழுவித் துடைத்த ஒரு கொத்து கறிவேப்பிலை. அடுத்த நாள் அவித்த முட்டை. அதற்கடுத்த நாள் என் மகளுக்கென்று இரண்டு பிஸ்கட். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று வளர்ந்தவர். நானும் அப்படி வளர்ந்தவள்தானே, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் சாந்தி அக்கா டப்பாவை மோந்து பார்த்தார். சாப்பாடு வாங்குகிறவர்களிடம் நாங்கள் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது என்பது ரூல். "இன்னைக்குக் கறிவேப்பிலை, நாளைக்கு பிரியாணி, அப்புறம் ஆபீஸ்ல நான்தான் பதில் சொல்லணும்லா."

மூடிய கதவு

மறுநாள் பக்குவமாகத்தான் சொன்னேன். ரஹ்மத் அம்மா முழுதாகக் கேட்டார். பிறகு நான் அப்போதுதான் நீட்டியிருந்த சாப்பாட்டை அப்படியே என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த நாளும் அதே கதை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேசையில் கட்டங்காப்பியும் ரொட்டியும். மாத்திரை போடுகிற உடம்புக்கு அது எப்படிப் போதும்? இன்னும் ஒருமுறை மறுத்தால் சாப்பாட்டுப் பட்டியலில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சாந்தி அக்கா வேறு சொல்லியிருந்தார்.

கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "உங்க ஆபீஸ் எனக்குச் சோறு போடலாம் புள்ள, என்னையப் பிச்சைக்காரியா ஆக்கக் கூடாது."

நான் வெறும் லிப்ட்

அன்று இரவு மகளுக்கு ஊட்டும்போது ஒரு யோசனை. நான் வாங்கத்தானே கூடாது? தூக்கிக்கொண்டு போகக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

மறுநாள் கதவுக்கு வெளியே நின்று, "எனக்கு எதுவும் வேணாம். பத்தாவது மாடியில ஒருத்தர் ரசத்துல கறிவேப்பிலை இல்லைன்னு தினமும் அழுறாரு. அவருக்குக் குடுப்பீங்களா?" என்றேன். கதவு ஒரு சாண் திறந்தது. "யாரு அது?" "உங்கள மாதிரிதான், லேசுல ஒத்துவர மாட்டாரு." கறிவேப்பிலை வெளியே வந்தது. சாப்பாடு உள்ளே போனது.

அந்தோணி அங்கிள் இலையைக் கசக்கி மோந்துவிட்டு அன்று குறையே சொல்லவில்லை. மறுநாள் அவருடைய டப்பாவில், இத்தனை காலத்தில் முதல்முறையாக, இரண்டு எலுமிச்சம்பழம். என்ன அங்கிள் இது என்றேன். "காலியா எப்படிக் குடுக்கிறது? அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

சோதனைக்கு வந்தவர்

இப்படி எலுமிச்சை கீழே, கறிவேப்பிலை மேலே என்று நான் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாளில், சாந்தி அக்கா முன்னறிவிப்பில்லாமல் கூடவே வந்தார். என் பையைத் திறந்தார். "இது என்ன, தேக்கா காய்கறி மார்க்கெட்டா?" இவர் ஒரு வார்த்தை சொன்னால் நாலாவது மாடிக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

நாலாவது மாடியில் கதவைத் திறந்த ரஹ்மத் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் ரூல் போட்ட பொண்ணா? சாப்டியா?" சாந்தி அக்கா சாப்பிடவில்லை, முகமே சொன்னது. உள்ளே போன அம்மா ஒரு பீங்கான் கிண்ணம் நிறைய வட்டிலாப்பத்தோடு வந்தார். சர்க்கரை வியாதியால் தான் சாப்பிட முடியாத இனிப்பு, யாருக்காகச் செய்து வைத்திருந்தாரோ. சாந்தி அக்கா மறுக்க வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு கரண்டி போய்விட்டது. அதற்குள் போன் வந்து, பேசிக்கொண்டே, கிண்ணமும் கையுமாக லிப்டில் ஏறிவிட்டார்.

கீழே வந்ததும்தான் கையைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாலாவது மாடிக்கு நாளைக்கு நானும் வர்றேன். இந்தக் கிண்ணத்துல என்ன வச்சுக் குடுக்கலாம், நீயே சொல்லு."

இப்போதெல்லாம் என் பை, மாடிக்கு மாடி போக வேண்டியவை சேர்ந்து, போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் கனமாக இருக்கிறது. இதில் யார் யாருக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று ஆபீசில் கேட்டால் தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.