மலையேற்றிப் பார்த்து வாங்கிய கார்

மெகருன்னிசா கார் வாங்க முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு சிவப்புப் பாவாடை.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அவள் கணவர் பஷீர் அகமதுவுக்குச் சின்னதாக ஒரு துணிக்கடை. கடைக்கு வருகிறவர்களுக்குத் துணியை எடுத்துப் போடுவார். வராதவர்களைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. மெகருன்னிசாவுக்கு இருந்தது. "மலைல கீற ஜனங்க ஒரு நைட்டி வாங்க இம்மாந்தூரம் எறங்கி வரணுமா? நாம ஏறிப் போனா இன்னா?" என்று கேட்டவள், மூட்டையோடு கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். வருடங்கள் ஓடிவிட்டன. வெள்ளிமலைச் சந்தையில் 'நைட்டிக்காரம்மா' எங்கே என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் மரத்தடியைக் கைகாட்டும்.

போன ஐப்பசியில் பஸ் கூரைமேல் போட்ட மூட்டை மழையில் ஊறியது. சிவப்புப் பாவாடையின் சாயம் இறங்கி, தீபாவளிக்கென்று கொண்டுபோன வேட்டியெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. சந்தையில் ஒருவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது மாப்ளைக்கா, பொண்ணுக்கா?" என்றார். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, பழைய காரு ஒண்ணு வாங்கிடலாம்."

"யாரு ஓட்றது?"

"நான்தான்."

மலைப்பாதை வளைவை நினைத்தாலே தலைசுற்றும் பஷீர், மறுநாளே அவளை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அவள் ஓட்டக் கற்று முடித்தபோது, பக்கத்துச் சீட்டில் பிரேக் மிதித்து மிதித்துப் பயிற்சிப் பள்ளிக்காரருக்கு முழங்கால் வலி வந்திருந்தது.

செய்தி பரவியதும் கடைவீதி முழுக்க ஆலோசனை சொல்ல வந்துவிட்டது. கதவை அடித்துச் சத்தம் கேள் என்றார் டீக்கடைக்காரர். வெள்ளை நிறம்தான் ராசி என்றார் தையல்காரர். "வண்டியப் பாக்காத, ஓனரு செருப்பப் பாரு. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குதுன்னு பாத்தா ஆளு வெளங்கிடும்" என்றார் பாத்திரக்கடைக்காரர். இவர்களில் ஒருவர்கூடக் கார் வாங்கியவர் இல்லை. மெகருன்னிசா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். துணியோடு பழகியவளுக்குச் சொந்தமாக ஒரு வழக்கம் இருந்தது: மேல்மடிப்பைப் பார்த்து மயங்குவதில்லை, பிரித்து உள்ளே பார்ப்பாள்.

முதலில் சேலம் சாலையில் ஒரு புரோக்கர் பளபளவென்று ஒரு நீலக் காரைக் காட்டினார். அவள் இன்ஜினுக்கு மேலிருந்த முன்மூடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னாங்க, இதுக்குக் காய்ச்சலா? இப்படிச் சுடுது?"

"உங்களுக்காகத்தாம்மா ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருந்தேன்."

"எனக்காகன்னா ஆற வெச்சிருக்கணும். ஜில்லுனு கெடக்கறப்ப எழுப்பினாத்தான் அதோட கொணம் தெரியும்."

கதவைத் திறந்தாள். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான மல்லிகை வாசனை. இவ்வளவு வாசனை எதை மூடுவதற்கு? கால்மிதியைத் தூக்கினாள், கீழே பொடி மணல். டிக்கியில் மாற்று டயரை நகர்த்தினாள். அடியில் ஒரு நத்தைக் கூடு.

"இது ஆத்து நத்தையாச்சே. ஆர்சி புக்குல இதோட பேரும் போட்டுக்கீதா?"

புரோக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளத்துல நின்ன வண்டிதாம்மா. தொடச்சிட்டா தெரியாதுன்னு நெனச்சேன்." கையும் களவுமாக மாட்டிக்கொண்டதாலோ என்னவோ, ஒரு நல்ல தகவலும் சொன்னார். "கச்சிராயபாளையத்துல தீனதயாளன்னு ஒரு கரும்பு விவசாயி. தங்கமான வண்டி. ஆனா ஒண்ணு, விக்கணும்னு சொல்லிக்கினே வர்றவங்கள எல்லாம் தொரத்தி வுட்ருவாரு."

தீனதயாளனுக்குக் கண்ணில் புரை. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொட்டகையில் போர்வை போர்த்தி வைத்திருந்த சின்ன வெள்ளைக் காரை அவர் காட்டவே இல்லை. பஷீரோடு வந்து நின்ற மெகருன்னிசாவிடம் முதலில் கேள்வி கேட்டார்.

"கதவ ஓங்கிச் சாத்துவியாம்மா?"

"மாட்டேங்க."

"உள்ள ஒக்காந்து முறுக்குத் திம்பியா?"

"நான் திங்க மாட்டேன். இவரு திம்பாரு."

பஷீர் மெல்லுவதை நிறுத்தினார்.

போர்வை விலகியது. முன்மூடி குளிர்ந்திருந்தது. சாவியை ஒருமுறை திருப்பியதுமே இன்ஜின் இருமாமல் எழுந்தது. நான்கு டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. கால்மிதிக்கு அடியில் பழைய குங்குமப் பொட்டலம் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

"மலைக்கு ஏத்திப் பாக்கணுங்க" என்றாள் மெகருன்னிசா.

"மலைக்கா! இது கோமுகி அணையத் தாண்டினதே இல்லியே!"

"நான் ஓட்டப்போறது அங்கதாங்க. தரையில எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்."

அன்று சந்தை நாள் என்பதால் மூட்டைகளும் கூடவே வந்திருந்தன. அவற்றை ஏற்றி, நடுவில் பஷீரைச் செருகினாள். தன் வண்டியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தீனதயாளன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் எதிரே பஸ் இறங்கியது. மெகருன்னிசா ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள். கார் மெதுவாக, மரியாதையாகப் பின்னால் நகர்ந்தது. சட்டென்று பிரேக்கை மிதித்தாள். அதுவரை கண்ணை மூடியிருந்த பஷீர் எப்படி இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது; அடுத்த கணம் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல் இருந்தது.

தீனதயாளனின் முகம் சுருங்கிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. எங்கூரு தரையில ஹேண்ட் பிரேக்குக்கு வேலையே இல்ல."

"தெரிஞ்சு மறைச்சிருந்தா நீங்க கூட வந்து ஒக்காந்திருப்பீங்களா? கேபிள் மாத்தினா சரியாப் போய்டும். இன்ஜினப் பாத்தீங்களா? இம்மாம் பாரத்தோட ஏறியும் சூடு ஜாஸ்தியாவல."

பஷீர் மலையை விட்டு இறங்கிவிடலாம் என்றார். இறங்கவும் இதே பாதைதான் என்று அவள் சொன்னதும் திரும்ப ஏறி உட்கார்ந்தார்.

வெள்ளிமலையில் இறங்கிய தீனதயாளன் அப்படியே நின்றார். பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பார்த்த மலை, ஒருநாளும் ஏறியதில்லை. குளிர்காற்று சட்டையைப் படபடவென்று அடித்தது. அவர் நின்ற இடம் மரத்தடி விரிப்புக்குப் பக்கம் என்பதால், ஒரு பெண் அவரைக் கடையாள் என்று நினைத்து நைட்டி ஒன்றை நீட்டினாள்.

"எனக்கு அளவு சரியா இருக்குமாங்க?"

தீனதயாளன் புரைக் கண்ணைச் சுருக்கி நைட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தாராளமா இருக்கும்மா. ரெண்டு பேரு பூரலாம்."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அதன்பிறகு அவர் உட்காரவே இல்லை. சந்தை கலையும்வரை மடித்ததைப் பிரிப்பதும் பிரித்ததைத் தப்பாக மடிப்பதுமாக இருந்தார்.

இறங்கும் வழியில் அவராகவே சொன்னார். "வண்டிய எட்த்துக்கோம்மா. ஆனா சந்தைக்கு வர்றப்ப என்னையும் இட்டாரணும்."

"சரிங்க. ஆனா ஆர்சி என் பேருக்கு மாறட்டும், கேபிளும் மாறட்டும். அப்பறமா சாவி வாங்கிக்கறேன்" என்றாள் மெகருன்னிசா. இரண்டும் நடந்தன. மெக்கானிக் காருக்கு அடியில் படுத்திருந்த நேரம் முழுக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் மாதிரி தீனதயாளன் பக்கத்திலேயே நின்றார்.

இப்போது சந்தை நாளில் முன்சீட்டு அவருக்குத்தான். பஷீர் நிம்மதியாகக் கடையிலேயே இருந்துகொள்கிறார். தை மாதம் தீனதயாளனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மெகருன்னிசா சாவியை நீட்டினாள்.

"வாணாம்மா, நீயே ஓட்டு" என்றார் அவர், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே. "ஓட்டினா ரோடு மட்டுந்தான் தெரியும்."