பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மொபெட்

மூன்றாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் பெற்றோரையெல்லாம் வகுப்பறையில் உட்காரவைத்து மிஸ் ஒரு பேச்சுப் பேசினார். இந்த வருஷம் பிள்ளைகள் மாறுவார்கள். வாய்ப்பாடு வரும், வகுத்தல் வரும், புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் படிப்பார்கள். சிநேகிதர்கள்தான் உலகம் என்று ஆகிவிடும். எதையும் தானே செய்வேன் என்று நிற்பார்கள். பயப்படாதீர்கள் என்றார். நான் அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் சிரித்தேன். என் மகள் செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறவள். அவளாவது மாறுவதாவது!

ஆனி மாதம் முடிவதற்குள் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

முதலில் வந்தது 'எங்க மிஸ்'. தண்ணீரை நின்றுகொண்டு குடிக்கக் கூடாது, எங்க மிஸ் சொன்னாங்க. தோசைக்கு முன்னால் கையை இருபது எண்ணும்வரை கழுவ வேண்டும், எங்க மிஸ் சொன்னாங்க. பெற்று வளர்த்த நான் அதையே எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! என் வாயிலிருந்து வந்தால் அது வெறும் சத்தம். மிஸ் வாயிலிருந்து வந்தால் அது சட்டம். வயிறு எரியுமா எரியாதா?

அடுத்து வாய்ப்பாடு. எங்களுக்கு மாவு மில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு விடியற்காலை வேனில் போய்விடுவார். மில்லைப் பார்ப்பது நான்தான். சாயங்காலம் மகள் மில் வாசலில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்துவாள். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவாள். ஏழெட்டில் வந்து நின்றுவிடுவாள். வரிசையில் கேழ்வரகும் சாமையும் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி ஐம்பத்துநாலு என்பாள். இன்னொருத்தி, "அடி போம்மே, அறுபத்திநாலு" என்பாள். மூன்றாவது ஒருத்தி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, கை விரல் தீர்ந்து, கால் விரலுக்கு வந்து, அதற்குள் தன் முறை வந்ததும் கணக்கை அப்படியே விட்டுவிட்டு தானியத்தைக் கொட்டப் போய்விடுவாள். மகள் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், கலெக்டர் பார்க்கிற பார்வை. "நாளைக்கு மிஸ்ஸையே கேட்டுக்கிறேன்" என்று எழுந்து போனாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே குண்டு போட்டாள்.

"மா, நாளையிலர்ந்து நான் பஸ்ல போறேன். தனியா."

எங்கள் ஊர் ஜவ்வாது மலைச் சரிவில், ஒடுகத்தூருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒடுகத்தூரில். எல்கேஜியிலிருந்து மொபெட்டில் முன்னால் நிற்கவைத்து நான்தான் கொண்டுபோய் விடுவேன். அதுதான் இப்போது தப்பாகிவிட்டது. அவள் வகுப்பில் மேல் ஊர்களிலிருந்து வருகிற பெண்கள் எல்லோரும் பஸ்ஸில் வருகிறார்களாம். கடைசி சீட்டு அவர்களுடையதாம். இவள் மட்டும் அம்மாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்து இறங்குகிறாளாம். அவளுக்கு 'எல்கேஜி' என்றே பேர் வைத்துவிட்டார்களாம். சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அவளுக்கு இது சின்ன விஷயமில்லை என்று தெரிந்தது.

"ரோட்ல லாரி வர்து. நீ பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கினு எறங்குவ. முடியாது."

"நான் இன்னா சின்னக் கொயந்தையா?"

"ஆமா!"

அவர் தலையைத் தூக்காமல், "வுடும்மே. பஸ்ல தான போறா, ராக்கெட்லயா போறா?" என்றார். அவருக்கென்ன, நிம்மதியாக ஷூ ஒட்டிவிட்டு வருவார். எனக்கு இருப்பது இது ஒன்றுதான். பெரிய காரணமெல்லாம் எதுவும் இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆனாலும் ரெண்டு நாள் அவள் சாப்பிடாமல் முரண்டு பிடித்ததில் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு ஒரு வேலை செய்தேன். எங்கள் பக்கத்தில் பஸ் என்பது ஆட்களுக்கு மட்டும் இல்லை. பலாப்பழம், புளி, தேன், அரைத்த மாவு எல்லாம் ஆளில்லாமலே கீழே இறங்கும். நானும் தினம் ஒடுகத்தூர்க் கடைகளுக்கு மாவுப் பை அனுப்புகிறேன். பை வாயில் துணி கட்டியிருப்பேன். பச்சைத் துணி என்றால் ஓட்டல் வாசலில் இறக்க வேண்டும், மஞ்சள் என்றால் மளிகைக் கடை. கண்டக்டர் தம்பிக்கு அத்துப்படி. அன்று காலையும் வழக்கம்போல மாவுப் பைகளை ஏற்றிவிட்டு, மகளையும் ஏற்றிவிட்டு, "தம்பி, பச்ச ஓட்டல்ல, மஞ்ச மளிகைல, செவப்பு ரிப்பன் ஸ்கூல்ல" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. மகள் முகம் ரிப்பனைவிடச் சிவந்துபோனது.

சாயங்காலம் வந்ததும் பையை மூலையில் எறிந்தாள். "நான் இன்னா மாவு மூட்டையா?"

கண்டக்டர் தம்பி நான் சொன்னதைச் சிரமேற்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். கடைசி சீட்டுக்குப் போனவளை இழுத்துவந்து இன்ஜின் பக்கத்தில் மாவுப் பைகளோடு உட்காரவைத்திருக்கிறான். பூக்கார அம்மா சடை கோணலாக இருக்கிறதென்று அவிழ்த்துப் பின்னிவிட்டிருக்கிறாள். ஒருத்தர் கையை வெளியே நீட்டாதே என்றாராம், ஒருத்தர் வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம் என்றாராம், பலாப்பழக்காரர் ரெண்டு சுளை கொடுத்துக் கொட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டே வந்தாராம். ஸ்கூல் வாசலில் டிரைவரே இறங்கி ரோட்டைத் தாண்டிவிட்டாராம். அவள் சிநேகிதிகள் எல்லாம் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"இதுக்கு உன் வண்டிலயே வந்துருக்கலாம்" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது. மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் கண்டக்டரிடம், "தம்பி, இனிமே இவள யாரும் கண்டுக்க வாணாம்" என்றேன்.

"சரிக்கா" என்றவன் உள்ளே திரும்பி, ஒடுகத்தூருக்கே கேட்கிற மாதிரி, "இந்தாங்கோ, மில்லுக்கார அக்கா பொண்ண யாரும் கண்டுக்காதீங்கோ!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூக்கார அம்மா கண்ணையே மூடிக்கொண்டாள். மகள் தலையில் அடித்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனாள். ஆனால் போய் உட்கார்ந்துவிட்டாள், சிநேகிதிகளுக்கு நடுவில். சிரித்தாள்கூட.

பஸ் கிளம்பிப் போனது. நான் மில்லைத் திறக்க வேண்டியவள். திறக்காமல் வாசலில் உட்கார்ந்து யோசித்தேன்.

கண்டுகொள்ள வேண்டாம் என்றுதான் ஊருக்குச் சொன்னேன். பின்னால் போக மாட்டேன் என்று நான் யாரிடமும் சத்தியம் பண்ணவில்லையே. மறுநாளுக்கு ஏற்பாடு பண்ணினேன். சேலைக்கு மேலே அவருடைய பெரிய கட்டம் போட்ட சட்டை. தலையில் அவர் ஹெல்மெட். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கண்ணாடி பீரோ முன்னால் நின்று பார்த்தேன். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அடடா, போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம் போல என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வளைவு திரும்பியதும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். ஸ்கூல் வரைக்கும் போய், அவள் ரோட்டைத் தாண்டி உள்ளே போவதைப் புளியமரத்து மறைவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு சந்தேகமும் யாருக்கும் வரவில்லை. ஒரு வாரம் இப்படியே ஓடியது.

மொபெட்டின் முன்பக்கம் எங்கள் மில்லின் பெயரும், கீழே 'மாவு, மிளகாய், மசாலா அரைத்துத் தரப்படும்' என்றும் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அது எனக்கு அந்த ஒரு வாரமும் ஞாபகத்துக்கு வரவே இல்லை. பிறகு கேட்டால், பஸ்ஸில் அது தினசரி பொழுதுபோக்காம். "தோ வந்துட்டாங்கோ, தோ வந்துட்டாங்கோ" என்று சிரிப்பார்களாம். வளைவில் நான் பின்தங்கினால் டிரைவர் எனக்காகக் கொஞ்சம் மெதுவாகப் போவாராம். எனக்குத்தான் இந்த பஸ் ஏன் இப்படி மாட்டு வண்டி மாதிரிப் போகிறது என்று எரிச்சலாக இருக்கும். சொல்லக் கூடாத ஒரே ஆள் நான்தான் என்று எல்லோரும் பேசி வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. தினமும் ஒடுகத்தூருக்கும் ஊருக்கும் போய் வருகிறேனே, பெட்ரோல் என்ன மலையில் ஊறுமா? பஸ் வளைவைத் தாண்டி மறைந்துபோனது. நான் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளினேன். ஹெல்மெட்டுக்குள்ளே வேர்த்துக் கொட்டியது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

திடீரென்று கீழே இருந்து ஒரு சத்தம். "அம்மே! அம்மே!"

வளைவைச் சுற்றிக்கொண்டு என் மகள் மேட்டில் ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. அவள் பின்னால் கண்டக்டர் தம்பி, "ஏ பாப்பா, நில்லு, வண்டி வரும்" என்று டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வந்தவள் என் வயிற்றில் முட்டிக்கொண்டாள்.

"இன்னாடி? எவனாச்சும் இன்னாவாச்சும் சொன்னானா?"

அவள் முகத்தைச் சட்டையிலேயே புதைத்துக்கொண்டாள். கண்டக்டர்தான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "உங்களக் காணோம்னுட்டுதான்கா. தெனம் பின் கண்ணாடிலயே பாத்துக்கினு வரும். இன்னிக்கி நீங்க காணாம பூடவே, எங்கம்மா வுயுந்துட்டாங்கோ, நிறுத்துங்கோன்னு கத்திச்சு பாருங்க, டிரைவரு அப்டியே பிரேக்கப் போட்டுட்டாரு."

எனக்கு ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. கழற்றினேன்.

"தெனமும் பாத்துக்கினா வர்ற? உன் ஃப்ரெண்டுங்களோட பேச மாட்டியா?"

"எப்டிப் பேசறது?" என்று கத்தினாள். "நீ அந்த வளைவுல எப்டி ஓட்டுற தெரியுமா? லாரி வந்தா ஒதுங்க மாட்ற. நான் உன்னியே பாத்துக்கினு வர்றேன். நான் எப்டிப் பேசறது?"

சிநேகிதிகளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போக வேண்டும் என்று சோறு தின்னாமல் கிடந்தவள். அந்த சீட்டு கிடைத்தும், ஒரு வாரமாக அதில் திரும்பி உட்கார்ந்து என்னைக் காவல் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கெஞ்சிக் கேட்ட ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, நானே பின்னால் போய்ப் பிடுங்கியிருக்கிறேன். சே என்றாகிவிட்டது எனக்கு.

"இனிமே வர மாட்டேன்" என்றேன்.

"இப்ப எப்டிப் போவ?"

"தள்ளிக்கினு போறேன்."

"ஓரமாப் போ. போயிட்டு மிஸ்ஸுக்குப் போன் பண்ணிச் சொல்லு. மறந்துடாத." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பஸ் வளைவுக்கு அப்பால் ஹாரன் அடித்தது. அவள் கண்டக்டரோடு இறங்கிப் போனாள். செருப்பை வழியில் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டாள், கால் மாற்றாமல்.

ஒடுகத்தூர் வரை தள்ளிப்போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது மில் வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஏதோ கேட்டார்கள். நான் பின்பக்கம் போய் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். ஒரு தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்வது அவருக்கும் புதுசாக இருந்திருக்கும். களுக்கென்று சிரித்தார். பிறகு, "இருங்க, அவகிட்டயே சொல்லுங்க. காலைலேர்ந்து போன் வந்துச்சா போன் வந்துச்சான்னு என்னை ஒரு பாடம் நடத்த வுடல" என்றார்.

"மா, வூட்டுக்குப் போய்ட்டியா?"

"வந்துட்டேன்டி."

"ஓரமாத்தான போன?"

"ஓரமாத்தான் போனேன்."

"அப்பால இன்னாத்துக்கு அழுவுற?"

"அழுவல. தும்மல் வர்து."

"சரி சரி. மிஸ் கணக்கு நடத்தறாங்கோ, வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.